ரெண்டு கமரா, ஒரே மலை

பட்டனை அமுக்கினால் "ஸ்ர்ர்ர்" என்று லென்ஸ் மூக்கை நீட்டும். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது...

ஃபோனில் படம் எடுத்தால் மனுஷனும் மரமும் ஒரே மாதிரித் தெரிந்த காலம் அது. நானும் என் வீட்டுக்காரரும் பதுளையில் டீச்சர் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். தம்பிக்குக் கல்யாணம் வந்தது. ஒரு டிஜிட்டல் கமரா வாங்குவோம் என்று முடிவு செய்தோம். அதோடு வீட்டில் சண்டையும் ஆரம்பமானது.

அவருக்குச் சட்டைப் பைக்குள் போடுகிற சின்னக் கமராதான் வேண்டும். எனக்கோ அந்தப் பெரிய சூம் கமரா. பார்க்க ஸ்டூடியோக்காரர் கமரா மாதிரியே இருக்கும், ஆனால் லென்ஸைக் கழற்ற முடியாது. கடைக்காரர் அதை 'பிரிட்ஜ் கமரா' என்றார். பொண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்தில்தானே நிற்கப்போகிறார்கள், அவ்வளவு தூரம் பார்த்து என்ன செய்யப் போகிறாய் என்று இவர் கேட்டார். ஆசை, அவ்வளவுதான்!

கடைக்குள் வைத்துப் பார்த்தால் எல்லாமே நல்ல கமராதான். அதனால் ஸ்டாஃப் ரூமில் கெஞ்சிக் கூத்தாடி, இந்த வகையில் ஒன்றும் அந்த வகையில் ஒன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் வாங்கினோம்.

ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஏறி, வழியில் இறங்கி நடந்தால் நான் பிறந்த தேயிலைத் தோட்டம். எங்கள் மாதா கோயில் ஒரு மலையில். என் அக்கா மேரி குடியிருந்த லயம், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள், பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எதிர் மலையில். முழங்கால் வலி என்று அக்கா அன்று பூசைக்கு வரவில்லை. ஃபோன் எடுத்து, வெளியே வந்து நில்லு, டெஸ்ட் பண்ணப் போறோம் என்றேன்.

முதலில் சின்னக் கமரா. முழு சூமும் போட்டு எடுத்தோம். பச்சை மலை, கொஞ்சம் மிஸ்ட், நடுவில் தீப்பெட்டி மாதிரி லயம். அழகு! இதுக்கு மேல என்ன வேணும் என்பதுபோல இவர் என்னைப் பார்த்தார்.

அடுத்தது பெரிய கமரா. கோயில் மதில் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சூமை இழுத்தேன்... இழுத்தேன்... ஐயோ, அக்கா! தலை துவட்டுகிற சிவப்புத் துவாயை ஆட்டிக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பிறந்ததிலிருந்து பார்த்த மலைதான், ஆனால் இப்படிப் பார்த்ததே இல்லை. பக்கத்தில் பூசை முடிந்து போனவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன்.

எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கி, அக்காவிலிருந்து அப்படியே மேலே நகர்த்தினேன். கூரைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், ஒரு செம்மண் கோடு.

கான் வெட்டியிருப்பாங்க என்றார் இவர். மழைத்தண்ணி ஓடுவதற்காகத் தேயிலை மலையில் வெட்டுகிற வாய்க்கால்தான் கான். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் கான் என்றால் ஒரு பக்கமாகச் சரிந்து போகும். இது நடுவில் உயர்ந்து, இரண்டு முனையும் லயத்தைப் பார்த்து வளைந்திருந்தது. கோட்டுக்குக் கீழே இருந்த தேயிலை முழுவதும் ஒரு படி இறங்கியிருந்தது.

திரும்பவும் அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

"வீட்டுக்கு மேல என்னக்கா அது, கோடு மாதிரி?"

"அது கான்டீ. போன கிழமை அதத் தாண்டித்தானே நாங்க எல்லாரும் கொழுந்தெடுத்தோம்."

"யாரு வெட்டினா?"

அக்கா பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்பது என் காதில் விழுந்தது. பிறகு,

"தெரியலியே..." என்றாள்.

அத்தனை பொம்பளைகளும் கூடையோடு அதைத் தாண்டியிருக்கிறார்கள். அவரவர் நிரையில் தெரிந்த துண்டை மட்டும் பார்த்து, யாரோ வெட்டிய கான் என்று நினைத்துக்கொண்டு.

விழுந்தடித்து அந்தப் பக்கம் ஓடினோம். தோட்டத் தலைவர் எங்களோடு மேலே ஏறி, கையிலிருந்த நீளக் கம்பை அந்தப் பிளவுக்குள் விட்டார். முழுக் கம்பும் உள்ளே போனது, அடி தட்டவில்லை. மலை வெடிச்சிருக்கு, மழை பிடிச்சா அப்படியே லயத்து மேல இறங்கிடும் என்றார்.

பொழுது சாய்வதற்குள் லயத்தில் இருந்த எல்லாரையும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட்டார். கமராவில் பார்த்தாங்களாம், பெரிய டீச்சரம்மா என்று சில பேர் ஏசினார்கள். அக்காவே கோழிக்குத் தீனி போட வேண்டும் என்று தினமும் இறங்கிப் போய்வந்தாள். ஃபோனில் அவளைத் திட்டாத திட்டு இல்லை.

அந்தக் கிழமை ஏழு நாள் முடிவதற்குள்ளேயே மழை பிடித்தது. ஒரு பகல் வேளை. தீனி போட்டுவிட்டு வந்து அக்கா பள்ளிக்கூடத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாளாம். லொறியில் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம்... அவ்வளவுதான். லயத்தில் பாதியைக் காணவில்லை. அக்கா குடியிருந்த அறை, அவளுடைய காம்பரா, அந்தப் பாதியில்தான் இருந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோழிகள் போய்விட்டன. அக்கா கோழிக்காக அழுதாள், பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

எந்தக் கமரா என்ற பேச்சு அதன்பிறகு வீட்டில் எழவே இல்லை. இவரே போய்ப் பெரியதை வாங்கிவந்தார்.

இப்போது அந்தக் கமராவில் பெட்டரி நிற்பதில்லை. மகன் ஃபோனைத் தூக்கி நிலாவையே கிட்டத்தில் காட்டுகிறான். அக்கா வேறு இடத்தில் சின்ன வீடு கட்டிக்கொண்டு இருக்கிறாள். மழை பிடித்தால் ஃபோன் வரும், வந்து ஒருக்கா மேலே பார்த்துட்டுப் போ என்பாள். நானும் போகிறேன்.

அன்றைக்கு எடுத்த இரண்டு படமும் என்னிடம் இருக்கின்றன. சூம் போட்டு எடுத்ததை யாருக்கும் காட்டுவதில்லை. அக்காவின் அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் சின்னக் கமராவில் எடுத்ததைப் பார்த்துவிட்டு, என்ன அழகான இடம், பெரிசாக்கி ஹாலில் மாட்டுங்களேன் என்கிறார்கள்.

அதில் அக்கா ஒரு சிவப்புப் புள்ளி. தலைக்கு மேலே வெறும் பச்சை.