தோட்டக்காரர் வீட்டுக்கு வழி

சிலோனுக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல, ஒரு கட்டைவிரல் ரேகை வாங்க. ஐம்பத்தேழாம் வருஷம், மாசி மாதக் கடைசி. துறையூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு எண்பது சென்ட் கிணற்று நிலம். பட்டாவில் அப்பா பெயரும் அவருடைய தம்பி கருப்பையா பெயரும் சேர்ந்து இருந்தன. கருப்பையா சித்தப்பா பன்னிரண்டு வயதில் ஒரு கங்காணியோடு கப்பலேறிப் போனவர். அப்பா நிலத்தை விற்க முடிவு செய்தபோது, தம்பியின் ரேகை இல்லாமல் பேச்சே இல்லை என்றுவிட்டார் வாங்குகிறவர். பத்திர எழுத்தர் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். தன் பங்கான நாற்பது சென்டை அண்ணனுக்கே விட்டுவிட்டதாகச் சித்தப்பா ஒப்புக்கொள்ளும் பத்திரம்.

இதில் எங்களுக்குச் சங்கடம் எதுவும் இருக்கவில்லை. காரணம் சித்தப்பாவின் கடிதங்கள். "நம்ம தோட்டத்தில் மழை நல்லபடியாக இருக்கிறது, பத்தாம் நம்பர் மலையில் கொழுந்து நிறைய" என்று யாரையாவது பிடித்து எழுதச் சொல்லி அனுப்புவார். எங்கள் பக்கத்தில் தோட்டம் என்றால் கிணறும் கமலையும் உள்ள சொந்த நிலம். பத்து மலை வைத்திருக்கிறவர் நாற்பது சென்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்? எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே சிலோன் தோட்டக்காரர்தான்.

திருச்சியில் போட் மெயில் ஏறினேன். தனுஷ்கோடியில் சுங்கச் சோதனை, பிறகு தலைமன்னாருக்கு இருபத்திரண்டு மைல் கடல். நான் பொதுவாகவே பொறுமை இல்லாத ஆள். கப்பலில் எல்லோரும் கடலைப் பார்த்தபோது நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கொடுத்த விசா பத்தே நாள். சட்டை உள்பையில் பத்திரம் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

தலைமன்னாரில் ஏறுகிற வண்டி நேரே கொழும்புக்குப் போய்விடும். மலைநாட்டுக்குப் போகிறவர்கள் பொல்காவலையில் இறங்கி வண்டி மாற வேண்டும். தூங்கிவிட்டால் கோவிந்தாதான். அங்கிருந்து காலை எட்டு மணிக்குக் கிளம்பும் வண்டி நாவலப்பிட்டி தாண்டியதும் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறது. வட்டவளையில் மழை, ஹட்டனில் மூடுபனி, வட்டகொடையில் இறங்கியபோது பகல் ஒன்றேகால், நல்ல வெயில். பருத்திச் சட்டையோடு போயிருந்த எனக்கு வெயிலிலும் குளிர்ந்தது. ஸ்டேஷன் கடையில் பத்துச் சதத்துக்குத் தேநீர் குடித்துவிட்டு நடந்தேன். தோட்டம் அங்கிருந்து மூன்று மைல். அதன் பெயரை எழுதவில்லை, சித்தப்பாவின் மக்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஒரு வளைவில் உரமூட்டை சுமந்து வந்தவரை நிறுத்தி, "தோட்டக்காரர் வீட்டுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டேன்.

"நேரா மேல போங்க. தொரை பங்களாவுக்குப் பின்னால இருக்குங்க அவரு வீடு" என்றார்.

பங்களாவா! சித்தப்பா நாங்கள் நினைத்ததற்கும் மேலே போய்விட்டார் என்று எனக்கு ஏக சந்தோஷம். ஒன்றரை மைல் ஏற்றம் தெரியவே இல்லை. மேலே பச்சைப்புல் தரையும் ரோஜாப் பாத்திகளும் இருந்தன. பெரிய கத்தரிக்கோலால் வேலிச்செடியை வெட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். தோட்டக்காரரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"நாந்தாங்க தோட்டக்காரன். சொல்லுங்க."

"கருப்பையா...?"

"கருப்பையாண்ணனா? அவரு கீழ, பணிய லயம், ஆறாம் காம்பராங்க. தேயிலச் செடி கவ்வாத்து வெட்டற ஆளு. அவரத் தோட்டக்காரருன்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

நம்ம தோட்டம் என்றுதானே கடிதத்தில் எழுதுவார் என்றேன். அந்த மனிதர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாங்க எல்லாருமே அப்படித்தாங்க எழுதுவோம்" என்றார்.

வந்த வழியே இறங்கினேன். லயம் என்பது ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகப் பத்து அறைகள். ஓர் அறைதான் ஒரு காம்பரா, அதுவே ஒரு வீடு. ஆறாம் காம்பராவைக் காலால் அளந்தேன், நீளம் நான்கு எட்டு, அகலம் மூன்று. அதற்குள் சித்தப்பா, சின்னம்மா, மகன், மருமகள், மகள் பவளம். நடுவே சாக்கைத் தைத்துக் கட்டிய மறைப்பு. இஸ்தோப்பு என்று சொல்லும் முன்தாழ்வாரத்தில் அடுப்பு, புகை முழுவதும் உள்ளேதான் போகிறது. பத்து வீட்டுக்கும் ஒரே பீலி, ஓடைத் தண்ணீர் விழும் குழாய். சித்தப்பா என்னைப் பார்த்ததும் அப்படியே கட்டிக்கொண்டார். முகம் அச்சாக எங்கள் அப்பா. உள்பையில் இருந்த காகிதம் எங்கள் இருவருக்கும் நடுவே நசுங்கியது.

நான் தங்குவதற்கே அனுமதி வேண்டியிருந்தது. விருந்தாளி வந்தால் ஆபீசில் சொல்ல வேண்டுமாம். கண்டாக்கையா, அதாவது துரைக்குக் கீழே வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர், யார், எத்தனை நாள், எதற்கு என்று மூன்று கேள்வி கேட்டார். உறவு பார்க்க வந்தேன் என்று பொய் சொன்னேன்.

அன்று வியாழக்கிழமை. ஞாயிறுவரை யாரும் உட்கார்ந்து பேசுகிற வழியாக இல்லை. காலையில் தப்படித்ததும் எல்லோரும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு ஓடுகிறார்கள், பேர் கொடுத்து மலைக்குப் போகிறார்கள், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். நான் மட்டும் லயத்துக்கும் ஓடைக்கும் கூண்டுப் புலி மாதிரி நடந்தேன். லயத்துக்குப் பின்னால் சித்தப்பா கோவா என்கிற முட்டைக்கோஸும் லீக்ஸும் போட்டிருந்தார். ஒவ்வொரு செடியையும் அப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்திருந்தார். இந்தத் துண்டாவது சொந்தமா என்று கேட்டேன்.

"தொரை பாத்து விட்டதுதான் தம்பி. வேணும்னா எடுத்துக்குவாங்க. இந்தச் சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் சொல்லிட்டுத்தான் அடிக்கணும். செக்ரோல்ல, வேலையாளுங்க பதிவுல, பேர் இருக்கறவரைக்கும் காம்பரா. பேரை வெட்டிட்டா காம்பராவும் போயிரும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றும். அடுத்த நிமிஷம் ஊரில் காத்துக்கொண்டிருக்கும் அப்பாவின் முகம் தெரியும். அப்படியே சனிக்கிழமையும் போயிற்று.

ஞாயிறு காலை, ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு முடித்ததும், சட்டென்று பத்திரத்தை எடுத்துவிட்டேன். இழுத்துக்கொண்டே போனால் கேட்கவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும். விஷயத்தைச் சொன்னேன். சின்னம்மாதான் முதலில் பேசினார்.

"இங்கயே இருக்கறதுக்குப் பிரஜாவுரிமை மனுப் போட்டிருக்கோம் தம்பி. கெடச்சா சரி. இல்லேன்னு வந்துட்டா, எங்க போய் நிக்கறது? அந்த நாப்பது சென்டுலதான்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம்."

"இரு புள்ள. அண்ணன் என்ன எழுதியிருக்குன்னு கேப்போம். படிங்க தம்பி" என்றார் சித்தப்பா.

படித்தேன். இரண்டு வரிக்கு முன்னாலேயே அந்த வார்த்தை வருவது தெரிந்துவிட்டது. சத்தமில்லாமல் தாண்டினேன். பவளம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதுவரை படித்தவள், என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"அண்ணே, ஒரு வரிய விட்டுட்டீங்க" என்று சொல்லி அவளே படித்தாள். "இலங்கை நுவரெலியா ஜில்லாவில் தேயிலைத் தோட்டச் சொந்தக்காரராய் வசித்து வரும் கருப்பையா..."

அவ்வளவுதான். பவளம் சிரித்தாள், மருமகள் சிரித்தாள், பக்கத்துக் காம்பராவிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் விஷயம் கேட்டுச் சிரித்தார்கள். யாரோ "சலாம் தொரை" என்று சித்தப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டார்கள். சித்தப்பாவும் இருமல் வரும்வரை சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தரம் படி என்றார். பவளம் மறுபடி படித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

அவர் பத்திரத்தை வாங்கி, மடிப்புக் கலையாமல் மடித்து, என் சட்டைப்பையில் தானே வைத்தார்.

"அண்ணன் மேல கோவமில்ல தம்பி. ஆனா இதுல இருக்கற கருப்பையா தோட்டச் சொந்தக்காரரு. அவரு நான் இல்ல. அவர எங்கயாச்சும் பாத்தா ரேகை வாங்கிக்கங்க."

எனக்கு அழுகை வந்தது. வெட்கம் பாதி, நிம்மதி பாதி. திங்களன்று ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, விட்டுவிட்டு ஸ்டேஷன்வரை வந்தார் சித்தப்பா. வண்டி நகரும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கெணத்துல தண்ணி இருக்கா தம்பி?" இருக்கிறது என்றேன். அது உண்மை.

வீட்டில் அப்பா, "அவ்வளவு பெரிய தோட்டத்தை வெச்சுக்கிட்டு நாப்பது சென்டுக்கு மல்லுக்கட்டறானா?" என்று குதித்தார். நான் எங்கள் கூடத்தின் ஒரு மூலையில் நான்கு எட்டும் மூன்று எட்டும் நடந்து காட்டினேன். இதில் ஐந்து பேர் என்றேன். அப்பா சித்திரைவரை என்னோடு பேசவில்லை. ஆனால் விற்கிற பேச்சையும் எடுக்கவில்லை. கடிதங்களைப் படிக்கும்போதே அவருக்கும் ஒரு சந்தேகம் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எனக்கும் இருந்தது. தெரிந்துகொள்ளாமல் இருப்பது எங்களுக்கு வசதியாக இருந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கம்பளிச் சட்டை கட்டாயம். அட்டைக்கு உப்பு அல்லது சவர்க்காரம் வைத்துக்கொள்ளுங்கள். உறவினர் தோட்டத்தில் இருந்தால் முன்கூட்டியே எழுதி, தங்குவதற்கு அவர்களை ஆபீசில் சொல்லிவைக்கச் செய்யுங்கள், உங்களால் அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம். பேச வேண்டியதை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். வழி கேட்கும்போது லயத்தின் பெயரும் காம்பரா நம்பரும் சொல்லிக் கேளுங்கள். தோட்டக்காரர் என்று கேட்டால் ஒன்றரை மைல் வீண் ஏற்றம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், போன மாதம் பவளம் போட்ட கடிதம். சித்தப்பாவின் மனு தள்ளுபடியாகிவிட்டதாம். நெஞ்சுவலியால் அவர் வேலைக்குப் போவதில்லை, செக்ரோலில் பெயரை வெட்டிவிட்டார்கள். காம்பரா மகன் பெயரில் இருக்கிறது. இனி அவர் பெயர் எழுதியிருக்கிற இடம் உலகத்தில் ஒன்றுதான். ஒவ்வொரு ஜமாபந்திக்கும் நான் போய்க் கர்ணத்திடம் எங்கள் பட்டாக் கணக்கைக் காட்டச் சொல்கிறேன். அவர் சலித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டுவார். விரல் வைத்துப் பார்ப்பேன். கருப்பையா இருக்கிறார்.