நெய்வேலிக்காரர்கள் இறக்கிய லாஞ்சு

நெய்வேலியில் இருந்த நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து கடலூரில் ஒரு லாஞ்சு வாங்கினோம். முதல் நாளே அதை மணலில் ஏற்றி நிறுத்தினோம். அன்று சாயங்காலத்துக்குள் அதைத் தொழிலாகவும் ஆக்கிக் காட்டினோம்.

புது பெயிண்ட் வாசனை, டீசல் புகை, ஈர வலை நாற்றம்... மூன்றும் கலந்து அந்த விடியற்காலையில் மூக்கில் ஏறியது இன்னும் போகவில்லை.

அறுபதுகள். இன்று விசைப்படகு என்கிறோமே, அதற்கு அப்போது எங்கள் வாயில் லாஞ்சு என்றுதான் பெயர். நான் பக்கத்து வடக்குத்து கிராமத்திலிருந்து சைக்கிளில் கருவாட்டுக் கூடை கட்டிக்கொண்டு, டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகச் சுற்றி விற்று, அப்புறம் மார்க்கெட்டில் கடை போட்டவன். கூட்டாளி சவரிமுத்து நிலக்கரி மைன்ஸில் டீசல் மெக்கானிக். பர்மனென்ட் ஆள். எனக்கு விற்கத் தெரியும், அவனுக்கு இன்ஜின் தெரியும். கடல் இரண்டு பேருக்குமே தெரியாது.

கடல் தெரிந்தவர் கலியபெருமாள். எங்கள் வயதுதான் இருக்கும். துறைமுகத்தில் அவர் ஏறுகிற படகில்தான் மற்றவர்களும் ஏறுவார்கள். அவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: ஒரு தடவை வந்து பார்ப்பேன், பிடித்தால் இருப்பேன், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அவர் இறங்கிப் போனால் வேறு ஆள் எவரும் வரமாட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். ஆள் இல்லாத லாஞ்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சவரிமுத்துவுக்கு அன்று செகண்ட் ஷிப்ட். மத்தியானச் சங்கு ஊதும்போது அவன் மைன்ஸில் நிற்க வேண்டும். அதனால் விடிந்ததும் கிளம்பி, மதியத்துக்கு முன்னால் திரும்புவது என்று நாங்களே கணக்குப் போட்டோம். நெய்வேலியில் எல்லாமே ஷிப்ட் கணக்குதானே... கல்யாணமே ஷிப்ட் பார்த்து வைக்கிற ஊர்!

"தண்ணி இன்னும் ஏறலீங்க யாவாரி. இப்ப முகத்துவாரத்துல பூந்தா மண்ணு புடிச்சிக்கும்" என்றார் கலியபெருமாள்.

சவரிமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நான் சவரிமுத்துவைப் பார்த்தேன். கிளம்பலாம் என்றேன்.

ஆறு கடலில் சேருகிற இடத்தில், அவர் சொன்ன மாதிரியே அடி தட்டி நின்றது லாஞ்சு.

கட்டுமரத்தில் கடந்து போனவர்களில் ஒருவன் நிதானமாகக் கேட்டான்: "என்னாங்க, இங்கயும் கரி எடுக்கறீங்களா? எவ்ளோ ஆழம் தோண்டணும்?"

லாஞ்சில் இருந்த எங்கள் ஆட்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கலியபெருமாள் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு பயமாக இருந்தது.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தேன். நீச்சல் தெரியாது. மார்பு வரை தண்ணீர். ஆட்களோடு சேர்ந்து முட்டுக் கொடுத்தேன். அதற்குள் இன்ஜினைக் குளிர வைக்கிற குழாயில் மணல் ஏறிவிட்டது. சவரிமுத்து சட்டையைக் கழற்றிவிட்டு அதைப் பிரிக்க உட்கார்ந்தான்.

வெயில் ஏறியது. தண்ணீரும் மெல்ல ஏறியது. சவரிமுத்துவைக் கட்டுமரத்தில் கரைக்கு அனுப்பி வைப்பதாகவும், பஸ் பிடித்தால் ஷிப்டுக்குப் போய்விடலாம் என்றும் கலியபெருமாள் சொன்னார்.

சவரிமுத்து தலையைத் தூக்கவில்லை. "ஒரு நாள் சம்பளம் போவும். போவட்டும். இன்ஜின பிரிச்சி வச்சிக்கினு எங்கங்க போறது?"

கொஞ்ச நேரத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. லாஞ்சு தானாக மிதந்தது. கடலுக்குள் போனோம். நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். ஆனால் வலையை இழுத்துக் கொட்டியபோது எழுந்து நின்றுவிட்டேன். இறால், கிழங்கான் மீன், கவலை மீன் எல்லாம் கலந்து தளத்தில் துள்ளின. சொந்த லாஞ்சில், சொந்த வலையில்...

கரைக்கு வந்தால் ஏலத்தில் ஒருவரும் விலை கேட்கவில்லை. உள்ளூர்க்காரனுக்குக் கொடுக்கிற விலையை நெய்வேலிக்காரனுக்குக் கொடுப்பதா என்று பேசி வைத்துக்கொண்டிருந்தார்கள். இறாலுக்கு மட்டும் ஒருவர் சுமாராகக் கேட்டார். கவலை மீன் எருவுக்குத்தான் ஆகும் என்றார் இன்னொருவர்.

இது கடல் இல்லை, இது வியாபாரம். இங்கே எனக்கு ஆழம் தெரியும்.

கேட்ட விலைக்கே இறாலைத் தள்ளிவிட்டேன். மிச்சத்தைக் கூடைகளில் போட்டு, ஐஸ் உடைத்துப் போட்டு, ஈரச் சாக்கு மூடி, நெய்வேலிக்குத் திரும்புகிற ஒரு காலி லாரியில் ஏற்றினேன். சவரிமுத்துவோடு கலியபெருமாளையும் வரச் சொன்னேன். ஏறி உட்கார்ந்தார்.

ஜெனரல் ஷிப்ட் முடிந்து ஜனங்கள் மார்க்கெட்டுக்கு வருகிற நேரத்துக்குக் கூடையை இறக்கினோம். எருவுக்கு ஆகும் என்ற கவலை மீனை, மலையாளத்துக் குடும்பங்கள் மத்தி என்று சொல்லி அள்ளின. நாகர்கோவில் பக்கத்து அம்மா ஒருவர் சாளை என்று சொல்லிக் கூடையோடு கேட்டார். ஒவ்வொரு ஜில்லாவிலிருந்தும் ஆள் வந்து குடியேறிய ஊர் இது. எந்த குவார்ட்டர்ஸில் எந்த மீன் வேகும் என்று சைக்கிள் மிதித்தே தெரிந்து வைத்திருந்தேன்.

கூடைகள் காலியாவதையே கலியபெருமாள் பார்த்துக்கொண்டிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, "நாளைக்கு எப்ப கெளம்பறதுன்னு நான்தான் சொல்லுவேன்" என்றார்.

நாளைக்கு என்றாரே... அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது எனக்கு.

இப்போது என் பேரன்மார் படகுகளில் ஆழம் காட்ட மெஷின், வழி காட்ட மெஷின். ஆள் வைத்தால் முத்திரைத் தாளில் அக்ரிமென்ட், கூடவே வக்கீல். வேண்டியதுதான், காலம் அப்படி. அன்று அந்த டீக்கடை வாசலில் நின்றபடியே மூன்று பேரும் பேசி முடித்தது இவ்வளவுதான்: டீசலும் ஐஸும் போக மிச்சத்தில் பாதி லாஞ்சுக்கு, பாதி ஆட்களுக்கு. இன்ஜினில் சவரிமுத்து தவிர எவரும் கை வைக்கக்கூடாது. கிளம்புகிற நேரம் கலியபெருமாள் சொல்வது. விற்கிற இடம் நான் சொல்வது.