அழாமல் பிறந்த மருமகன்

ஷெல்லடிக்குப் பயந்து ஈச்சிலம்பற்றில் பதுங்குகுழிக்குள் இருந்தபோது என் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. அது அழவில்லை. வெளியே ஆமிக்காரரின் சப்பாத்துக் காலடிச் சத்தம் கேட்டதால் எங்களுக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

"கெட்டிக்காரன், எங்களைக் காட்டிக் குடுக்கேல்ல," என்று அத்தான் குசுகுசுத்தார்.

ஆமி போன பிறகும் பிள்ளை பால் குடிக்கவில்லை. பயந்துபோய் லோஞ்சுப் படகில் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் குதிக்காலில் இரத்தம் எடுத்துச் சோதித்தார்.

"இரத்தத்தில அமிலம் கூடியிருக்கு. மூளைக்கு ஒக்சிசன் போதாமல் இருந்திருக்கு. பிள்ளை அழுதால்தான் மூச்சு நிறையும். பிறந்தவுடன அழுதவனோ, தம்பி?"

வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். அழவில்லை என்று நானே சொன்னேன்.

மறுநாள் சோதனையில் அமிலம் இறங்கியிருந்தது. மருமகன் வீரிட்டு அழுதான்.

இப்போது எங்கே பிள்ளை பிறந்தாலும், வெளியே யார் நின்றாலும், அது அழும்வரை முதுகைத் தேய்க்கச் சொல்கிறேன்.