அளக்காமல் எழுதிய எண்

எண்பதுகளில் பாசிர் பெனம்பாங் என்ற மீனவர் ஊரில் ஒரு படகுப் பட்டறையில் வேலை பார்த்தேன். இரும்புப் படகுகளை உப்புத் தண்ணீர் அரிக்காமலிருக்க அப்போதுதான் அங்கே எபோக்சி பெயிண்ட் அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். புக்கிட் ரோத்தான் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்த ஓர் அண்ணன் பெயிண்ட் அடிப்பார். அது காய்ந்ததும் பூச்சின் தடிப்பைக் கருவியால் அளந்து எழுதுவது என் வேலை.

ஒருநாள் நல்ல மழை. சேற்றில் தவழ்ந்து ஒரு படகின் அடிக்குப் போக மனமில்லாமல், அந்த இடத்துக்கு மட்டும் அளக்காமலே ஓர் எண்ணை எழுதிவிட்டேன்.

ஏழு மாதத்தில் அந்தப் படகு திரும்பி வந்தது. நான் அளக்காத இடத்தில்தான் துரு பிடித்திருந்தது. அங்கே பூச்சு மெலிசாக இருந்திருக்க வேண்டும். அளந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். முதலாளி அண்ணனைத் திட்டினார். அண்ணன் என்னிடம் வந்தார்.

"நீ அளந்தப்ப சரியாத்தானே இருந்துச்சு, தங்கச்சி?"

"சரியாத்தான் இருந்துச்சுண்ணே."

அவர் நம்பிவிட்டார். "அப்ப நான்தான் பழைய துருவ ஒழுங்கா சுரண்டாம அடிச்சிட்டேன் போல லா," என்றார்.

இரண்டு நாள் படகின் அடியில் மல்லாந்து படுத்து, பழைய பூச்சைச் சுரண்டி மறுபடி அடித்தார். கண்ணெல்லாம் துருத்தூள். நான் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கு நன்றி வேறு சொன்னார்.

அதன்பின் மூன்று வருடம் அவரோடு வேலை செய்தும், நான் அன்று அளக்கவில்லை என்பதை அவரிடம் சொல்லவே இல்லை.