சிவப்பு நூலில் லில்லி

தமிழில் பெயர் தைத்த சட்டையைப் போட்டால் கைக்குழந்தையையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று ஏழு வயதில் உறுதியாக நம்பினேன்.

இன்று பேத்தியின் முதல் கிறிஸ்துமஸுக்கு உதியன்குளங்கரைக் கடையில் ஒரு வெள்ளைச் சட்டை எடுத்தேன். "பேரு மலையாளத்தில தைக்கணுமா, இங்கிலீஷா?" என்றாள் கடைப்பெண். புதுத்துணியின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறியது.

"தமிழிலாக்கும்" என்றேன்.

எனக்கு ஏழு வயதான வருஷம் எல்லைப் போராட்டக் காலம். எங்கள் ஊர் மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழ்ப் பக்கம் சேர வேண்டும் என்றவர்களைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் தங்கைக்கு அதுதான் முதல் கிறிஸ்துமஸ். கிலுகிலுப்பை வாங்கினால் போதும் என்றார் அப்பா. அம்மா கேட்கவில்லை. இதே வாசமடித்த சட்டையின் நெஞ்சில், சிவப்பு நூலால் 'லில்லி' என்று தமிழில் தைத்தாள்.

"பிள்ளைய பிடிச்சோண்டு போயிருவினும்மா" என்று அழுதேன்.

"போட்டும். ராத்திரி பாலுக்கு அழுதா அவனுவளே எழும்பட்டும்."

சபைக்குப் போகிற வழியில் போலீஸ்காரர் ஒருவர் நின்றார். நான் பாய்ந்து தங்கையின் நெஞ்சை இரண்டு கைகளாலும் மூடினேன்.

"கைய எடு மக்கா" என்றாள் அம்மா. "பிள்ளைக்க பேராக்கும் அது. களவாண்ட பொருளில்ல."

"குஞ்ஞின்டெ பேரெந்தா?" என்று குழந்தையின் பெயரை மலையாளத்தில் கேட்டார் அவர்.

"எழுதியிருக்குல்லா? வாசிக்கத் தெரியாதுன்னா சொல்லித்தாறேன்."

அவர் சிவப்பு எழுத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், வழிவிட்டார். ஆராதனை முடியும்வரை லில்லி அந்தச் சட்டையோடு முன்வரிசையில், அம்மா மடியில் இருந்தாள். நிக்கரை நனைத்துக்கொண்டு வெளியே நின்றவன் நான்தான்.