அட்டைப்படத்துக்கு ஒரு கூடை

தோட்டம் முழுக்கத் தேடியும் கொழுந்துக் கூடை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கடைசியில் கியா பார்ம் சந்தையில், சுற்றுப்பயணிகளுக்கு விற்கும் கடையில் ஒன்று வாங்கினேன். இன்றைய தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய என் புது நாவலுக்கு அட்டைப்படம் எடுக்கத்தான் இவ்வளவும்.

நான் பிறந்த தோட்டம் அது. இப்போது அங்கே மெஷின் வெட்டு. வங்காளதேசத்துப் பையன்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் மெஷினைப் பிடிக்க, மூன்றாமவன் பின்னால் பையை இழுத்துக்கொண்டு நடப்பான். எடைக்குத்தான் கூலி. எனக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் மெஷின் போட்ட அட்டையை யார் வாங்குவார்கள்?

முன்பு கொழுந்தெடுத்த அத்தையைப் புதுச் சேலையில் கூட்டிவந்தேன்.

"முட்டி தேஞ்சு வீட்ல உக்காந்தப்பறம் நடிகையாக்குறான் பாரு" என்று சிரித்துக்கொண்டே கூடையை மாட்டினார்.

அத்தை மகன்தான் அங்கே கங்காணி. "மச்சான், மெஷின் படத்துல விழக்கூடாதுல்ல?" என்று கேட்டுவிட்டு, கீழே பார்த்து, "ரபிக், பெர்ஹெந்தி!" என்று மலாயில் நிறுத்தச் சொல்லிக் கத்தினான். மெஷின் நின்றது.

கேமராக்காரர் வானத்தைப் பார்த்தார். "கொஞ்சம் பனி இறங்கட்டும் சார். அழகா வரும்."

காத்திருந்தோம். பனி இறங்கியது. படம் எடுத்தோம். அதற்குள் நிறுவை லோரி மேலே வந்துவிட்டது. அதற்குப் பிறகு வெட்டுவது அன்றைய கணக்கில் சேராது.

அத்தைதான் சொன்னார்: "அந்தப் பயலுங்க பை பாதிகூட ரொம்பலடா. உங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. நீதான் எழுதியிருக்கியே லா."

எழுதியிருக்கிறேன். துரை வீட்டுக்கு விருந்தாளியாக வந்த வெள்ளைக்காரி, கொழுந்தெடுக்கும் பெண்களை நிறுத்திவைத்துப் படம் எடுப்பாள். அன்றைய எடையும் கூலியும் போய்விடும். என் முதல் நாவலில் வரும் அத்தியாயம். அதைச் சொல்லித்தான் 'தொழிலாளர்களின் எழுத்தாளர்' என்று எனக்கு மாலை போடுகிறார்கள்.

ரபிக்கிடம் போனேன். மூன்று பேரும் முகம் கழுவித் தலை வாரியிருந்தார்கள்.

"பரவால லா, பாஸ்" என்றான், எங்கள் தமிழிலேயே. "நம்ம படம் நல்லா வந்துச்சா?"

அவர்கள் படத்திலேயே இல்லை. ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

எழுத வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. தகவல் திரட்டப் போகிற இடத்தில், உங்களால் யாருடைய வேலை நிற்கிறது என்று முதலில் பாருங்கள். மற்ற வித்தையெல்லாம் அப்புறம்.

நாவலை அச்சகத்திலிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். ரபிக் போன்றவர்கள் அதில் ஒரே ஒரு வரியில் வருகிறார்கள், லோரியில் ஏறிப் போகிறவர்களாக. இன்றைய தோட்டமாம். வெட்கமாக இருக்கிறது.

பதிப்பாளர் போனில் கத்துகிறார். "படம் பிரமாதமா வந்திருக்கு சார். ஏன் நிறுத்துறீங்க?"

பிரமாதம்தான். அந்த வெள்ளைக்காரி எடுத்த படமும் பிரமாதமாகத்தான் வந்திருக்கும்.