பஸ்ஸில் உடைந்த மருந்துப் போத்தல்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், முல்லைத்தீவிலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போன பஸ்ஸில், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்துப் போத்தலொன்று விழுந்து உடைந்தது. நெடி தொண்டையைப் பிடித்தது. என் சேலையிலும் மருந்து தெறித்திருந்தது. எல்லோரும் கதவுக்கு முண்டியடித்தார்கள்.

சாரதி பஸ்ஸை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"தள்ளுப்படாதேங்கோ. மூக்கைத் துணியாலை பொத்திக்கொண்டு ஒவ்வொருத்தரா இறங்குங்கோ. கண்ணைக் கசக்காதேங்கோ. காத்து வாற பக்கம் போய் நில்லுங்கோ."

அவர் பதறாமல் சொன்னதாலோ என்னவோ, நாங்களும் வரிசையாக இறங்கினோம்.

பக்கத்துத் தோட்டக்காரர் கிணற்றுப் பம்பை இயக்கிவிட்டார். பெண்கள் சுற்றிநின்று மறைக்க, நான் சேலையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் குளித்தேன். மாற்றிக்கட்ட ஒன்றுமில்லை. எங்களோடு வந்த முஸ்லிம் புடவை வியாபாரி, பஸ்ஸின் கூரையில் கட்டியிருந்த தன் பொதியை அவிழ்த்து, பூப்போட்ட சீத்தைத் துணியொன்றைக் கொடுத்தனுப்பினார்.

"காசு..." என்று இழுத்தேன்.

"அதை விடுங்கோ தங்கச்சி, தலை சுத்துதோ?" என்று அப்பாலிருந்து கேட்டார்.

"இல்லை அண்ணை."

அடுத்த பஸ் வரும்வரை எல்லோரும் மாமர நிழலில் இருந்தோம். தோட்டக்காரரின் மனைவி தேநீர் தந்தா. முன்பின் தெரியாதவர்கள் ஒரு குடும்பம்போலக் கதைத்துச் சிரித்தோம். அதற்குப் பிறகு அவர்களில் ஒருவரையும் நான் காணவில்லை.